வியாழனின் விக்கல்

"இது உனக்கு இன்னா மாதிரி கேக்குது, பவானி?"

நோயல் அண்ணன் இப்படிக் கேட்டபோது நான் மொட்டை மாடியில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மீன் செதில். அவர் நீட்டிய ஹெட்போனை விரலால் தொடாமல் இரண்டு மணிக்கட்டாலும் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

முதலில் ஒன்றுமில்லை. மணலைக் கொட்டுகிற மாதிரி ஓர் இரைச்சல். அதற்கு அடியிலிருந்து மெல்ல ஒரு துடிப்பு கிளம்பியது. தூரத்தில் இருந்தது, கிட்டே வந்தது, தலை முழுக்க நிறைந்தது, மறுபடி தூரமாகப் போனது. போன கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது.

பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் எனக்கு வாய் திறக்காது. பத்தாவது பாதியில் நின்றதற்கு வீட்டில் வேறு காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் அதுதான். ஆனால் இந்தக் கேள்விக்கு யோசிப்பதற்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டது.

"போட்டு எஞ்சின்."

அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அடி தூள்! ஒரு வாரமா மண்டைய ஒடச்சிக்கினு கீறேன், இத எங்கயோ கேட்டுருக்கோமேன்னு. போட்டு எஞ்சின்! இது இன்னா தெரியுமா? வியாழன் கிரகம்."

நோயல் அண்ணன் ராயபுரத்துக்காரர். கல்யாண வீடுகளுக்கும் மாதா கோயில் பாட்டுக்கும் சவுண்டு பார்த்துக்கொண்டிருந்தவர். இப்போது தொலைநோக்கியை ஊர் ஊராகத் தூக்கிப்போய் ஜனங்களுக்கு வானம் காட்டுகிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்திருந்தார். எங்கள் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை அவருக்கு வாடகைக்கு. "ராயபுரத்துல வூடு இல்லாமயா இந்தக் கருவாட்டு நாத்தத்துல வந்து குந்திக்கினு கீறான்? யாரையோ அடிச்சுட்டு ஓடியாந்துட்டான் போல" என்று அம்மா சொல்வாள். சொல்லிவிட்டு அவருக்குக் குழம்பும் கொடுத்தனுப்புவாள்.

அவர் எனக்குத் திரையைக் காட்டினார். பத்தி பத்தியாக எண்கள்.

"வியாழன ஒரு விண்கலம் சுத்திக்கினு கீது. அதுல காந்தத்த அளக்கற கருவி ஒண்ணு வெச்சுக்கீறாங்க. அது சத்தம் ஒண்ணும் அனுப்பாது, நம்பர்தான் அனுப்பும். இப்ப காந்தம் இவ்ளோ, அடுத்து இவ்ளோன்னு. நான் அந்த நம்பர ஸ்பீக்கருக்குக் குடுக்கறேன். நம்பர் ஏறினா ஸ்பீக்கர் காகிதம் முன்னால தள்ளும், எறங்கினா பின்னால இஸ்துக்கும். அவ்ளோதான்."

"அடிக்கிற மாதிரி கேக்குதே?"

"அந்தக் கிரகம் ஒரு சுத்து சுத்த பத்து மணி நேரம் ஆவுது. அதோட காந்தம் நேரா இல்ல, கொஞ்சம் சாஞ்சு கீது. அதனால ஒரு சுத்துக்கு ஒரு வாட்டி நம்பர் ஏறி எறங்குது. பத்து மணி நேரத்துக்கு ஒரு அடி. அத எவன் குந்திக் கேப்பான்? நான் மாசக் கணக்க நொடிக் கணக்கா சுருக்கிட்டேன்."

"கிட்ட வந்து வந்து போவுது."

"விண்கலம் நீட்டு வட்டத்துல சுத்துது. கிரகத்துக்குக் கிட்ட வரும், அப்பால தூரப் போயிடும்."

"அங்க போனா இந்தச் சத்தம் கேக்குமாண்ணா?"

"கேக்காது. அங்க காத்தே இல்ல, சத்தம் எங்க? சத்தம் என்னுது. நம்பர் அதோடது."

அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. கீழே வந்து, காய்ந்த நெத்திலியை முறத்தில் தள்ளும்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அந்தத் துடிப்பில் நடுநடுவே ஓர் அடி விட்டுப் போயிருந்தது.

எங்கள் குப்பத்தில் எல்லாப் பெண்களுக்கும் காதுதான் கண். அலை வீட்டைத் தின்னாமல் இருக்கக் கரை நெடுக மலை மாதிரி பாறாங்கல் கொட்டிவிட்டார்கள். அதிலிருந்து வாசலில் நின்றால் கடல் தெரிவதில்லை. மீன்பிடிக்கப் போன போட்டு திரும்புவது சத்தத்தில்தான் தெரியும். காலையில் அரிசி களைந்துகொண்டிருக்கிறவள் தலையைச் சாய்த்து, "நம்முளுது" என்பாள். கூடையை எடுத்துக்கொண்டு கல் மேல் ஏறுவாள். ஒவ்வொரு எஞ்சினும் ஒவ்வொரு மாதிரி இருமும். வாழ வந்தவள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான்.

எங்கள் அப்பா கடலுக்குப் போகாதவர், கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். ரோட்டோரம் வளர்ந்த எங்களுக்கு எந்த எஞ்சினும் ஒன்றுதான். அக்கா அன்புக்கரசி ஜெயவேல் மாமாவைக் கட்டிக்கொண்டு கல் கட்டுக்கு ஒட்டின தெருவுக்குப் போன புதிதில், கூடையைத் தூக்கிக்கொண்டு போய் மாரியப்பன் கிழவரின் போட்டு முன்னால் நின்றுவிட்டாள். கிழவருக்குப் பல்லே கிடையாது. "வா மருமவளே, என்னோடயே வந்துடறியா?" என்று கேட்டிருக்கிறார். கரையே சிரித்தது. ரொம்ப நாள் அவளைப் பார்த்தால், "இன்னிக்கி யார் புருஷனுக்குக் கூடை?" என்று கேட்டார்கள். மாமாவும் சேர்ந்து சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவின் எஞ்சினுக்கு விக்கல் வந்தது. டுக்கு டுக்கு டுக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் அடியை விழுங்கிவிட்டு மறுபடி ஓடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோகிறேன் என்று மாமா சொன்னபோது அக்கா தடுத்தாள். "வோணாம். சரி பண்ணாத. இது ஒண்ணுதான் எனக்குத் தெரியுது." அதற்குப் பிறகு கரையில் முதல் ஆளாக அவள்தான் நின்றாள்.

ஐப்பசியில் ஒரு காலை மாமா நண்டு வலை தூக்கத் தனியாகப் போனார். காட்டுப்பள்ளிப் பக்கம், கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கிற இடம். திரும்பவில்லை. போட்டும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. ஊரே தேடியது. எஞ்சின் நின்றுபோய்க் கப்பல் வழியில் மாட்டியிருப்பான் என்றார்கள் ஆண்கள். வேறு என்னவோ என்றும் சொன்னார்கள். அக்கா மட்டும் என் காதில், "நாந்தான் பவா" என்றாள். வேறு யாரிடமும் அதை அவள் சொல்லவில்லை.

பிறகு அவள் தினமும் விடியும்போது கூடையோடு கல் மேல் போய் உட்கார ஆரம்பித்தாள். மழையிலும் போனாள். சாப்பிடவில்லை. அவளை அங்கிருந்து இழுத்து வந்தது மாமாவின் அம்மா செல்லம்மா அத்தைதான். அத்தைக்கு இனிமையாகப் பேச வராது. "கடல் எடுத்தத கடலாண்ட கேட்டுக்கினு நிக்காத. எனக்குப் புருஷன், புள்ள ரெண்டயும் எடுத்துக்கிச்சு. நானும் வந்து உன் பக்கத்துல குந்திக்கினா சோறு யாருடி ஆக்குவா?" என்று கூடையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டியும் விட்டாள். அதிலிருந்துதான் அக்கா கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். இறால் உரிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். மாசியில் காரியம் செய்துவிடலாம் என்று அத்தை சொன்னபோது, சரி என்றாள். உடல் கிடைக்காதவருக்கு எங்கள் ஊரில் வைக்கோலில் ஓர் உருவம் கட்டி, அவருடைய துணியை உடுத்திக் கரையில் கிடத்தித்தான் காரியம். அது ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கரையில் நோயல் அண்ணனின் கூட்டம் தொலைநோக்கி வைத்து வியாழனைக் காட்டப்போகிறது என்று ஊரில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம் நடுவில் ஒருநாள், துணி எடுக்க மாடிக்குப் போனேன். அனல்மின் நிலையத்துச் சாம்பல் துணிகளில் படிந்திருந்ததால் உதறிக்கொண்டிருந்தேன். நோயல் அண்ணனின் அறைக்கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஜெயவேல் மாமாவின் போட்டு வந்தது.

மாதிரி என்று சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை. கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு மாடிச் சுவர்வரை போய்க் கடலை எட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நிலக்கரிக் கப்பல் ஒன்று நின்றிருந்தது.

"வா வா, இப்ப கேளு" என்று அவர் உற்சாகமாகக் கூப்பிட்டார். "நீ போட்டுன்னு சொன்னதுக்கு அப்பால கொஞ்சம் வேகத்தக் கொறச்சேன். எங்க வேகத்த வெக்கறதுன்றது என் இஷ்டம்தான? கேக்கறவங்க மீனவங்க. அவங்க காதுக்குப் பழகின மாதிரி இருந்தா, இன்னாடா இது நம்ம சத்தமாச்சேன்னு நிப்பாங்க. அச்சு அசலா கீதுல்ல?"

டுக்கு டுக்கு டுக்கு. விக்கல். டுக்கு டுக்கு.

"அந்த விக்கல் இன்னாண்ணா?"

அவர் திரையில் கோட்டைப் பெரிதாக்கினார். ஏறி இறங்கி வந்துகொண்டிருந்த கோடு ஓரிடத்தில் அறுந்திருந்தது. கொஞ்சம் தள்ளி மறுபடி அறுந்திருந்தது.

"அந்த எடத்துல விண்கலம் ஒண்ணும் சொல்லல. வேற வேலையா திரும்பி நின்னிருக்கும், இல்ல அனுப்பினது வழியில தொலஞ்சிருக்கும். நம்பர் இல்ல. அதனால சத்தமும் இல்ல."

"அத அடச்சுடுங்கண்ணா."

"இன்னாது?"

"அந்த ஓட்டைய. பக்கத்துல கீற நம்பர போட்டு அடச்சுடுங்க. ஒரே மாதிரி ஓடட்டும்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் இவ்வளவு நீளமாக அவரிடம் பேசியது இதுதான் முதல் தடவை. காரணத்தைக் கேட்டார். சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். மாமாவின் எஞ்சினுக்கு இதே விக்கல் இருந்தது, அக்கா கேட்டால் மறுபடி கல் மேல் போய் உட்கார்ந்துவிடுவாள், ஞாயிற்றுக்கிழமை காரியம் என்று சொன்னேன். அக்கா மாமாவிடம் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

அவர் சத்தத்தை நிறுத்தினார்.

"பவானி, எனக்குப் புரியுது. ஆனா அத அடைக்க மாட்டேன். வேகத்த மாத்தலாம், சத்தத்தக் கூட்டலாம், அது என்னுது. நம்பர் என்னுது இல்ல. அளக்காததப் போய் அளந்தேன்னு வெச்சா அது பொய். நாளைக்கு ஒரு புள்ள எழுந்து, இதெல்லாம் நெசமான்னு கேட்டா, நான் இன்னா சொல்லுவேன்?"

"அப்ப வேகத்த?"

"எந்த வேகத்துல வெச்சாலும் விக்கல் கீதே. நீ பயப்படாத. மொதல்ல மைக்குல சொல்லிடறேன். இது வியாழன், இது வெறும் நம்பர், எஞ்சின் இல்லன்னு தெளிவா சொல்லிட்டுத்தான் போடுவேன். சத்தியமா."

அவர் நல்லவர். சொன்னால் செய்வார் என்று நம்பினேன். இருந்தாலும் சனிக்கிழமை மதியம் அக்காவைத் திருவொற்றியூர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கரையில் எல்லாம் முடிந்த பிறகு திரும்பி வருவது என் திட்டம்.

"இன்னாடி, திடீர்னு பக்தி முத்திடுச்சு?" அக்கா கோயில் குளக்கரையில் உட்கார்ந்து கேட்டாள். "எவனயாவது பாத்து வெச்சிருக்கியா? மாடியில ஒருத்தன் கீறானே, அவனா?"

"சீ, போக்கா. அவர் அண்ணன்."

"எல்லாம் மொதல்ல அண்ணன்தான்."

அவள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நெற்றியில் அம்மன் குங்குமம். மிச்சத்தைக் காகிதத்தில் மடித்துக் கையில் வைத்திருந்தாள். நாளைக்கு இந்நேரம் அதற்கு வேலை இருக்காது. அவளுக்கும் அது தெரிந்திருந்தது.

"நாளைக்கு உருவத்துக்குக் கட்ட அத்த அவரோட நீல லுங்கிய எடுத்து வெச்சிருக்கு. நான் பழைய பச்சைய கட்டலாமேன்னேன். நீலம் புதுசு, வீணாப் போவுமேன்னு வாயில வந்துடுச்சு. அப்பால நெனச்சேன், யாருக்குன்னு வெச்சுக்கறது?"

நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். "அத்தைக்குத் தெரியாதில்லக்கா?"

"எது?"

"எஞ்சின்."

அக்கா காகிதத்தை இன்னும் சின்னதாக மடித்தாள். "தெரிஞ்சா என்ன வூட்டுல வெச்சிருக்குமா? அந்தக் கையால சோறு ஊட்டிச்சு பவா எனக்கு. ஒவ்வொரு உருண்டைக்கும், இதுக்குத் தெரிஞ்சா, இதுக்குத் தெரிஞ்சான்னுதான் முழுங்கினேன். நாளைக்கு முடிஞ்சுட்டா போதும். அவரோட அதுவும் போயிடும்."

சொல்லிவிட்டு உடனே எழுந்தாள். "வா, போலாம். வைக்கோல் எடுத்துனு வரேன்னாங்க. அத்த ஒண்டியா கீது."

"கொஞ்ச நேரம் குந்துக்கா. காத்து நல்லா கீது."

"காத்து நம்ம ஊர்லயும் அடிக்குது. வாடி."

டீ குடிக்கலாம் என்றேன், மார்க்கெட்டில் வளையல் பார்க்கலாம் என்றேன். அவள் ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்திவிட்டாள். வழியெல்லாம் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. நட்சத்திரம் தெரிந்த பிறகுதானே தொடங்குவார்கள், மைக்கில் சொல்லிவிட்டுத்தானே போடுவார்கள், அதற்குள் அக்காவை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து எங்கள் தெருவுக்குள் இறங்கினோம். லாரிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் குறைந்தது. எதிரே கெங்கம்மா அக்கா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கல் கட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. பக்கத்துச் சந்திலிருந்து இன்னும் இரண்டு பேர். எல்லாரிடமும் கூடை. ஒருத்தியின் கையில் மாவு காயாமல் இருந்தது.

போட்டெல்லாம் காலையிலேயே திரும்பியிருந்தன. சாயங்காலம் எங்கள் ஊருக்கு எந்தப் போட்டும் வருவதில்லை.

"இன்னாக்கா?" என்று அன்புக்கரசி அக்கா கெங்கம்மாவைக் கேட்டாள்.

கெங்கம்மா நின்றாள். அக்காவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. அப்போது எங்களுக்கும் கேட்டது.

டுக்கு டுக்கு டுக்கு. விக்கல். டுக்கு டுக்கு.

கடலிலிருந்து வந்தது. மைக் செட் வாடகைக்கு விடுகிற பக்ருதீன் பாய் எதையும் டெஸ்ட் பண்ணாமல் விடமாட்டார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜனங்கள் கரையில் உட்காரப்போகிறார்கள் என்பதால், கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டிய தூண்டில் வளைவின் முனையில் கம்பம் நட்டு, குழாய் ஸ்பீக்கர்களை ஊரைப் பார்க்கக் கட்டியிருக்கிறார். நோயல் அண்ணன் தொலைநோக்கியோடு நின்றுகொண்டிருந்தபோது பாய் அவருடைய லேப்டாப்பில் இருந்ததைத் தட்டிவிட்டிருக்கிறார். குழாயில் வந்தபோது சத்தத்தின் அடிக்கனமெல்லாம் போய், தண்ணீர் மேல் வருகிற எஞ்சினின் தகரச் சத்தம் மட்டும் மிஞ்சியிருந்தது. கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அது குழாய் என்று எப்படித் தெரியும்? யோசிப்பதற்கு முன்னால் கை கூடையை எடுத்துவிட்டது.

"அக்கா, அது ஸ்பீக்கர்க்கா. நோயல் அண்ணன் போடறாரு. மேல கீற கிரகம்க்கா அது, நம்பர்" என்று அவள் கையைப் பிடித்து என்னென்னவோ சொன்னேன். அக்கா கையை உதறவில்லை. என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கல் மேல் ஏறினாள்.

மேலே பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களுக்குக் குழாய் தெரிந்தது, கம்பம் தெரிந்தது, பாயும் தெரிந்தார். ஆனாலும் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தார்கள். சத்தம் கிட்டே வந்தது, நெஞ்சில் அடிக்கிற மாதிரி வந்தது, பிறகு விலகித் தூரமாகப் போனது. மறுபடி வந்தது.

"வருது, ஆனா ஒதுங்க மாட்டேங்குது" என்றாள் ஒருத்தி, மெதுவாக.

"எடம் தேடுது. கல்லு போட்டுட்டமே, எங்க ஒதுங்கும்?"

"வாய மூடுடி. அன்பு நிக்கிறா."

அக்கா அசையாமல் நின்றாள். அவள் உதடு மட்டும் அடிகளை எண்ணுவதுபோல அசைந்தது. விக்கல் வரும்போது நின்றது. நான் பயந்தது நடந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவள் என் பக்கம் திரும்பினாள். கண் தெளிவாக இருந்தது.

"குழாயாடி அது?"

"ஆமாக்கா."

"தெரியுது." மூச்சை விட்டாள். "மாமாதுல விக்கலுக்கு அப்பால ஒரு இருமல் வரும். இதுல இல்ல. வா, வூட்டுக்குப் போலாம்."

அப்போதுதான் கெங்கம்மா, "ஐயோ, செல்லம்மா!" என்று கத்தினாள்.

செல்லம்மா அத்தை தண்ணீருக்குள் இருந்தாள். கற்களுக்கு நடுவே இருந்த கொஞ்ச மணலில் இறங்கி, இடுப்பளவுக்குப் போய்விட்டிருந்தாள். தலைக்கு மேல் கூடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். அலை வந்து புடவையை இழுத்தது.

அக்கா செருப்போடு இறங்கி ஓடினாள். நானும் ஓடினேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்தோம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

"அத்த, வெளிய வா. அது போட்டு இல்ல அத்த. மைக் செட்டு. வா அத்த."

அத்தை அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். நான் அவளை அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. பல்லெல்லாம் தெரிந்தது. உப்புத்தண்ணீர் முகத்தில் வழிந்தது.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அவன் அன்னிக்கே வந்து சொன்னாண்டி. 'யம்மா, உன் மருமவ எஞ்சின சரி பண்ண வோணான்றா, அப்பதான் நான் வர்றது அவளுக்குத் தெரியுமாம்'னு சிரிச்சிக்கினே சொன்னான். நானும் சிரிச்சேன்." அக்காவின் கன்னத்தை ஈரக் கையால் தட்டினாள். "நல்லவேள சொன்னடி. சரி பண்ணியிருந்தா இப்ப இது அவன்னு நமக்கு எப்பிடித் தெரியும்?"

அக்காவின் கை அத்தையின் தோளிலிருந்து நழுவியது.

சத்தம் மறுபடி கிட்டே வந்துகொண்டிருந்தது. எனக்கு அதை நிறுத்தவேண்டும் என்பது ஒன்றுதான் தோன்றியது. தூண்டில் வளைவைப் பார்த்துக் கத்தினேன். "நிறுத்துங்க! நோயல் அண்ணா, நிறுத்துங்க!" என் குரலை அந்தக் கரை அதற்கு முன் கேட்டதில்லை. கல் மேல் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நோயல் அண்ணன் தொலைநோக்கியை விட்டுவிட்டுப் பாயின் மைக் செட் பெட்டியை நோக்கி ஓடுவது தெரிந்தது.

டுக்கு டுக்கு டுக்கு.

விக்கல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அடுத்த அடிக்குக் காத்திருந்தோம். அலை வந்து போனது. மறுபடி வந்து போனது. கல் மேல் யாரோ ஒருத்தி மூச்சை இழுத்துப் பிடித்தது எங்களுக்குக் கேட்டது.

அத்தையின் கையிலிருந்த கூடை இறங்கி இறங்கித் தண்ணீரைத் தொட்டது. அலை அதை எடுத்துக்கொண்டது.

"நின்னுடுச்சு" என்றாள் அத்தை. ஐப்பசியில் மாமாவின் எஞ்சினைப் பற்றி ஆண்கள் சொன்னதும் அதே வார்த்தைதான்.

பிறகு மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. திட்டவில்லை, அடிக்கவில்லை. முதல் தடவையாகப் பார்க்கிற ஒருத்தியைப் பார்ப்பதுபோல நெற்றியிலிருந்து கால்வரை பார்த்தாள்.

நாங்கள் மூன்று பேரும் கரையேறினோம். கெங்கம்மா ஓடிவந்து அத்தையைத் தாங்கிக்கொண்டாள். யாரோ துண்டு கொண்டுவந்தார்கள். தூண்டில் வளைவின் முனையில் மைக் கரகரத்தது.

"எல்லாருக்கும் வணக்கம்." நோயல் அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். "நீங்க இப்ப கேட்டது வியாழன். அது எஞ்சின் இல்ல. அங்க ஒரு விண்கலம் காந்தத்த அளந்து அனுப்பின நம்பர். நடுவுல சத்தம் இல்லாத எடத்துல அது ஒண்ணும் அளக்கல. அங்க இன்னா இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது."

கடலுக்கு மேலே வியாழன் வந்திருந்தது. வெள்ளையாக, மினுக்காமல். ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை. கூடைகளைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தை சொன்னது கல் மேல் நின்றவர்களுக்கும் கேட்டிருந்தது.

அக்கா புடவையைப் பிழிந்தாள். அவள் உள்ளங்கையில் குங்குமக் காகிதம் இன்னும் இருந்தது. ஈரத்தில் கரைந்து விரல் இடுக்கெல்லாம் சிவப்பாக ஓடியிருந்தது. அதை என் கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"அக்கா" என்றேன்.

அவள் கல் மேல் ஏறினாள். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வீட்டுக்குப் போவதானால் இடதுபக்கம் இறங்க வேண்டும். அவள் இறங்கவில்லை. கற்களின் மேலேயே, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கால் வைத்து, எண்ணூர்ப் பக்கமாக, அனல்மின் நிலையத்துச் சிவப்பு விளக்குகளைப் பார்த்து நடந்து போனாள்.